பாட்டியின் கணக்கும் ஒரு டாக்டரின் கணக்கும்

"வயித்தாலே போற குழந்தைக்குத் தண்ணி கொடுத்தா இன்னும்தான் போகும்!" என்று அடுத்த வீட்டு மாமியார் தம்ளரைப் பிடுங்கி வைத்துவிட்டார். ஒரு வயதுப் பேரன் தோளில் துவண்டு கிடக்கிறான். "அக்கா, நீங்களே வந்து சொல்லுங்க" என்று மருமகள் என்னிடம் ஓடி வந்தாள்.

எனக்கு என் பாட்டியின் நினைவு வந்தது. "பெத்தது எட்டு, தங்கினது மூணு" என்பாள். பேதியிலேயே இரண்டு போயிற்றாம். அவள் காலத்தில் வழி தெரியவில்லை. நமக்குத் தெரிகிறதென்றால், அதற்கு டாக்டர் திலீப் மஹலநபிஸ் போன்றவர்கள்தான் காரணம்.

குழந்தை வைத்திய நிபுணரான இவர் லண்டனில் வேலை பார்த்தவர். 1960-களில் கல்கத்தா திரும்பி, காலரா ஆராய்ச்சியில் இறங்கினார். 1971-இல் வங்க தேசப் போர். லட்சோப லட்சம் அகதிகள் எல்லை தாண்டி வந்தார்கள். எல்லை ஊரான போங்கான் ஆஸ்பத்திரியில் தரையெல்லாம் காலரா நோயாளிகள். நரம்பில் ஏற்றும் சலைனோ தீர்ந்துகொண்டிருந்தது. என்ன செய்வார்? உப்பு, சமையல் சோடா, குளூக்கோஸ் மூன்றையும் அளந்து கலந்து, டிரம்களில் தண்ணீரில் கரைத்து வைத்தார். புகட்டியது யார் தெரியுமா? பெற்ற தாய்மார்களும் உறவினர்களும்தான்! நூற்றுக்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில், சாவு 4-க்கும் கீழே இறங்கியது.

சூட்சுமம் இதுதான்: குடலில் குளூக்கோஸ் உப்பைக் கூட்டிக்கொண்டு உள்ளே போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும்.

பின்னாளில் அவர் பணியாற்றிய டாக்கா ஆராய்ச்சி நிலையம், மத்லப் என்ற கிராமப் பகுதியில் 1966 முதல் ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் குறித்து வருகிறது. 1977 முதல் உள்ளூர்ப் பெண்களே வீடு வீடாகப் போய்க் குடும்பக் கட்டுப்பாட்டு உதவியும் செய்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் வங்க தேசப் பெண் சராசரியாக 6-க்கு மேல் பெற்றாள். இன்று ஏறக்குறைய 2. பெண் கல்வியும் இதற்கு ஒரு காரணம். ஆனாலும், பிறந்தது தங்கும் என்ற நம்பிக்கை இல்லாமல் எந்தத் தாய்க்கு 'இரண்டு போதும்' என்று சொல்ல மனசு வரும்? என் பாட்டிக்கு வந்திருக்குமா?

மஹலநபிஸ் 2022-இல் காலமானார். 2023-இல் பத்ம விபூஷண் விருது அவர் பெயருக்கு வந்தது.

சகோதரிகளே, வீட்டில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு எப்போதும் இருக்கட்டும். அவசரத்துக்கு, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 6 மட்டமான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு கூடக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, குழந்தை சோர்ந்து குடிக்க மறுத்தாலோ உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

அடுத்த வீட்டுப் பையனா? மறுநாள் மாலை எட்டிப் பார்த்தேன். மாமியாரே மடியில் போட்டுக்கொண்டு ஸ்பூனால் புகட்டிக்கொண்டிருந்தார்!