சமரசம் செய்பவரை வினவுவோர் யார்?

 

கணவன் மனைவிக்கிடையே பிளவு நேருமென அஞ்சினால், இரு குடும்பத்தாரிலிருந்தும் ஒவ்வொரு நடுவரை அனுப்புமாறு திருமறை (4:35) பணிக்கின்றது. நம் மஹல்லாக்களில் முத்தவல்லிமார்களும் ஆலிம்களும் இப்பணியை நெடுங்காலமாகச் செய்து வருகின்றனர். மஹர் பாக்கி, நகையைத் திருப்பித் தருதல், பாகப்பிரிவினை என எத்தனையோ வழக்குகள் இஷாவுக்குப் பின் பேசித் தீர்க்கப்படுகின்றன. தீர்த்து வைத்தவர் எவ்வாறு நடந்துகொண்டார் என்று அவரிடம் அமர்ந்து வினவுவோர் உண்டா? பெரும்பாலும் இல்லை. அவர் மனச்சுமையோடு வீடு திரும்புகிறார். சில ஆண்டுகளில் நல்ல மனிதர் சலித்து ஒதுங்கிவிடுகிறார்.

சமரசத்திற்குப் பயிற்சி இன்று அரிதன்று. சென்னை உயர்நீதிமன்றத்தில் 2005ஆம் ஆண்டிலேயே சமரச மையம் தொடங்கப்பட்டது. நீதிமன்றச் சமரசர்களுக்கு 40 மணி நேரப் பயிற்சி அளிக்கப்படுகிறது. 2023ஆம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டம் சமுதாயச் சமரசத்திற்கெனத் தனி அத்தியாயமே வகுத்து, மூவர் குழுவைக் குறிப்பிடுகிறது. அவ்வாறு எட்டப்படும் உடன்பாட்டை நீதிமன்றத் தீர்ப்பாணைபோல் நிறைவேற்ற இயலாது. இரு தரப்பாரின் மனநிறைவே அதன் பலம். எனவேதான் சமரசரின் நடத்தையைக் கவனிக்கும் மூத்தவர் ஒருவர் தேவைப்படுகிறார். அவருக்கும் தனியே பயிற்சி வேண்டும்.

மேற்பார்வை என்றதும் கணக்குத் தணிக்கை நினைவுக்கு வரலாம். நமக்கோ அதைவிட அழகிய முன்மாதிரி உண்டு. முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பும்போது, எதைக் கொண்டு தீர்ப்பளிப்பீர் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். இறைவேதத்தைக் கொண்டு என்றார். அதில் காணாவிடில்? தூதரின் வழிமுறை. அதிலும் காணாவிடில்? சிந்தித்து முயல்வேன் என்றார். அபூதாவூத், திர்மிதீ நூல்களில் இது பதிவாகியுள்ளது. கட்டளையிடும் தகுதி பெற்றவர்கள் கேள்வி கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

நம் பெரியவர்களுக்கு மிகக் கடினமானது இதுவே. சமரசர் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள், ‘நானாக இருந்தால்’ என்று தொடங்கிவிடுவார்கள். வாதியையும் பிரதிவாதியையும் பார்க்காமலேயே வழக்கை மறுபடி விசாரிப்பது எவ்வகை நியாயம்?

மாறாக, கேட்க வேண்டியவை இருக்கின்றன. முதலில் பேசியவர் யார்? அப்பெண்ணின் சொல்லை அவள் வாயிலிருந்தே கேட்டீரா, அண்ணன் வழியாகவா? உம் உள்ளம் எந்தக் கணத்தில் ஒரு பக்கம் சாய்ந்தது? பையனின் தந்தை பள்ளிவாசல் கட்டட நிதிக்குப் பெருந்தொகை தந்தவரா? (இக்கேள்வியைத்தான் எவரும் கேட்பதில்லை.) அவள் அடிக்கப்படுகிறாளா என்று தனியே விசாரித்தீரா? ஆம் எனில், ‘பொறுத்துப் போ’ என்று கூறி அவளைத் திருப்பி அனுப்புவது சமரசமாகாது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவளுக்குத் தரும் பாதுகாப்பை எடுத்துரைப்பதே கடமை. இத்தகைய வழக்குகளில் ஓர் ஆலிமாப் பெண்மணியும் உடனிருத்தல் நலம்.

பழகுவதற்குச் செலவேதும் இல்லை. மாதம் ஓர் இரவு மூவர் அமரட்டும். ஒருவர் தாம் நடத்திய பேச்சைப் பெயரும் தெருவும் குறிப்பிடாமல் சொல்லட்டும், மற்றவர் வினவட்டும், மூன்றாமவர் கடிகாரத்தைப் பார்த்திருக்கட்டும். முதல் பத்து நிமிடம் யாரும் அறிவுரை கூறக்கூடாது. கூறினால் மூன்றாமவர் கையை உயர்த்துவார். மீண்டும் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும்.