ஆஸ்பத்திரி வெளுப்பு

ஆஸ்பத்திரிக்குப் போகும் நமது ஜனங்கள் டாக்டரின் பட்டங்களை விசாரிக்கிறார்கள். அறையின் வாடகையை விசாரிக்கிறார்கள். காப்பி கிடைக்குமா என்றுகூட விசாரிக்கிறார்கள். நோயாளி படுக்கப்போகும் விரிப்பு நேற்று யாருடைய உடம்பின் கீழ்க் கிடந்தது, பிறகு எங்கே, எவ்விதம் வெளுக்கப்பட்டது என்று கேட்டவரை நாம் கண்டதில்லை. சமீபத்தில் ஆதம்பாக்கத்திலுள்ள ஒரு சிறு வைத்திய விடுதிக்கு நமது பந்து ஒருவரைப் பார்க்கச் சென்றிருந்தோம். மாடியில் ஒரு சலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பிரசவ அறைத் துணியும், காய்ச்சல்காரரின் போர்வையும், ஊழியர்களின் உடுப்பும் ஒரே தொட்டியில், குழாயில் வந்த குளிர்ந்த ஜலத்திலே சுழன்றன. “மிஷினில்தானே போடுகிறோம், ஐயா!” என்றார் அங்கிருந்த ஆயா.

அந்த அம்மாளைக் குறை கூறுவதற்கில்லை. இயந்திரத்தில் போட்டது யாவும் சுத்தம் என்ற நம்பிக்கை, படித்தவர்களிடமும் இருப்பதேயாகும். அந்நம்பிக்கை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஜெர்மனியில் நிகழ்ந்ததே போதிய சாட்சியம். அங்குள்ள குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றில் 2012 ஏப்ரல் முதல் 2013 மே வரையில், பிறந்த சிசுக்களின் உடலில் பல மருந்துகளுக்கும் அடங்காத கிளெப்சியெல்லா ஆக்சிடோகா என்னும் கிருமி திரும்பத் திரும்பத் தென்பட்டது. ஊழியர்களைச் சோதித்தார்கள், கருவிகளைச் சோதித்தார்கள், பலன் இல்லை. கடைசியில் குற்றவாளி அகப்பட்டது சலவை இயந்திரத்திலே! வீடுகளில் வைக்கும் ரகத்தைச் சேர்ந்த அவ்வியந்திரத்தில்தான் சிசுக்களின் பின்னல் குல்லாய்களும் காலுறைகளும் துவைக்கப்பட்டு வந்தன. சோப்புத்தூள் இடும் அறையிலும், கதவின் ரப்பர் வளையத்திலும் கிருமி குடியேறியிருந்தது. இயந்திரத்தை அகற்றினார்கள், தொற்றும் நின்றது. தெய்வாதீனமாக எந்தச் சிசுவுக்கும் அபாயமான நோய் கண்டுவிடவில்லை. ஆராய்ச்சியாளர் இதை 2019-இல் வெளியிட்டார்கள்.

உண்மை யாதெனில், கிருமியைக் கொல்லுவது சுழற்சியல்ல, உஷ்ணமே. இது நமது நாட்டு வண்ணார் அறியாத விஷயமன்று. உவர்மண் கரைசலில் நனைத்த துணியை வெள்ளாவியில் ஏற்றி, நெடுநேரம் ஆவியில் வேகவைத்து, வெயிலில் உலர்த்தினார்கள். கிருமி சாஸ்திரம் பிறக்குமுன்னரே பிறந்த முறை இது. வெந்த துணியை ஆற்றில் அலசியதும், ஒரே துறையில் பலர் துணியும் கலந்ததும் அதன் குறைகள், அவற்றை மறைப்பானேன்? 1854-இல் ஸ்குட்டாரி யுத்த ஆஸ்பத்திரிக்குச் சென்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேலும், ஒரு வீட்டை வாடகைக்கு அமர்த்திக் கொதிகலன்களை வைத்து, சிப்பாய்களின் மனைவிமாரைக் கொண்டே நோயாளிகளின் துணியை வெளுப்பித்தார். நாமோ இயந்திரத்தை வாங்கிக்கொண்டு, வெள்ளாவியின் உஷ்ணத்தைக் கைவிட்டோம்.

பிரிட்டனில் ஆஸ்பத்திரித் துணிக்கு 65 டிகிரி சென்டிகிரேடில் 10 நிமிஷம், அல்லது 71 டிகிரியில் 3 நிமிஷம் குறையாமல் உஷ்ணம் நிற்கவேண்டும் என்று வகுத்திருக்கிறார்கள். அமெரிக்கர் 71 டிகிரியில் 25 நிமிஷம் என்கிறார்கள். குளிர்ந்த ஜலத்திலும் குளோரின் மருந்தைத் தக்க அளவில் சேர்த்தால் பயனுண்டு என்பது மெய்யே. அளவை யார் அளக்கிறார்கள்? முன்புறக் கதவுள்ள இயந்திரங்கள் பலவற்றில் சூடேற்றும் கருவி உண்டு. மின்சாரச் செலவுக்கு அஞ்சி அதை முடுக்காமல் விடுவதுதான் வழக்கம். இரத்தம் பட்ட துணியைப் படுக்கையருகிலேயே பையிலிட்டுக் கட்டுவதற்கும், அதை உதறாமலிருப்பதற்கும், ரப்பர் வளையத்தைத் துடைத்துக் கதவைத் திறந்து உலரவிடுவதற்கும் செலவு என்ன இருக்கிறது?

வெளியாரிடம் ஒப்பந்தத்துக்கு விட்டுவிட்டோம், எமக்குக் கவலையில்லை என்பாரும் உளர். ஹாங்காங்கில் குயின் மேரி ஆஸ்பத்திரியும் அப்படித்தான் வெளியே அனுப்பிற்று. 2015-இல் பலவீனமான 6 நோயாளிகளைப் பூஞ்சை நோய் பற்றியபோது, வேர் வெளுப்புச் சாலையிலிருந்து வந்த துணியில் இருந்தது.

தனியார் வைத்திய விடுதிகளைக் கட்டுப்படுத்த நமது மாகாணச் சட்டசபை 1997-இலேயே சட்டம் செய்தது. அதற்குரிய விதிகள் 2018-இல்தான் வந்தன. சட்டத்துக்கும் விதிக்கும் இடையே ஒரு குழந்தை பிறந்து வாக்குரிமையும் பெற்றுவிடலாம்! போகட்டும். இப்பொழுது பதிவுக்கு வரும் அதிகாரிகள் கட்டில்களை எண்ணுவதோடு நில்லாமல், மாடிக்கும் ஏறி இயந்திரத்தைப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு வெளுப்புக்கும் உஷ்ணம் எவ்வளவு, எத்தனை நிமிஷம் என்ற குறிப்பேடு இல்லாத விடுதிக்குப் பதிவைப் புதுப்பிக்கலாகாது என்பதே நமது கோரிக்கை.

ஆதம்பாக்கத்தார் இவ்விஷயத்தில் வாளாவிருக்கமாட்டார்கள் என்று நம்புகிறோம். ஊர் ஆலந்தூர் நகரசபையின் கீழ் இருந்த நாளில், பாதாளச் சாக்கடைக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் வீதம் ஜனங்களே கட்டி, வேலை நடக்கச் செய்தார்கள். 2011-இல் அந்நகரசபை சென்னைக் கார்ப்பொரேஷனோடு சேர்ந்துவிட்டது. ஜனங்கள் அதே ஜனங்கள்தானே? மண்ணுக்கடியில் ஓடும் அசுத்தத்துக்காகப் பணம் கொடுத்தவர்கள், படுக்கைமேல் விரிக்கும் துணிக்காக ஒரு கேள்வி கேட்பது பெரிதன்று. உள்ளூர்ச் சங்கத்தார் விடுதிதோறும் சென்று அந்தக் குறிப்பேட்டைக் காட்டும்படி கேட்கட்டும். அங்கே அழுக்குத் துணியை வெறுங்கையால் அள்ளும் ஆயாவைக் கண்டால், அவளுக்கு ரப்பர் கையுறை கொடுத்திருக்கிறார்களா, மஞ்சட்காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி-க்குரிய 3 ஊசிகளும் போட்டாயிற்றா என்றும் அப்பொழுதே விசாரிக்கட்டும்.