எண்ணெய்ப் பிசுக்கும் எல்-1 டெண்டரும்

"பி.காம். படிக்கிறவனுக்கு காஸ் டர்பைன் வால்வு எதுக்குடா?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். திருவெறும்பூரில் இருந்துகொண்டு வால்வைப் பற்றிப் பேசாவிட்டால்தான் ஆச்சரியம். 1965-ல் உற்பத்தி தொடங்கிய பெல் ஆலை பாய்லரோடு சேர்த்து உயர் அழுத்த வால்வுகளும் செய்கிறது. அதை நம்பி துவாக்குடி வரை எத்தனையோ பட்டறைகள். டெண்டர், எல்-1, பெனால்டி எல்லாம் இங்கே டீக்கடையிலேயே காதில் விழும். நான் சொல்லப் போவதும் அந்தக் கணக்கைத்தான்.

விஷயம் இதுதான். சில காஸ் டர்பைன்கள் இரண்டு எரிபொருளில் ஓடும். வழக்கமாக இயற்கை வாயு, அது நின்றுபோனால் டீசல். பெரிய டர்பைனில் எரி அறைகள் பல இருக்கும். உதாரணமாக ஜி.இ. கம்பெனியின் 9ஈ மாடலில் 14. ஒவ்வொரு அறைக்கும் போகிற டீசல் குழாயில் ஒரு செக் வால்வ், அதாவது எண்ணெயை உள்ளே மட்டும் விட்டு, எதையும் திரும்ப வரவிடாத ஒருவழி வால்வு.

வாயுவில் ஓடும் மாதக்கணக்கான நேரத்தில் இந்தக் குழாயில் டீசல் அசையாமல் நிற்கும். பக்கத்திலேயே டர்பைனின் அனல். சுமார் 120 டிகிரியைத் தாண்டினால், காற்றோடு சேர்ந்து டீசல் கெட்டுப்போக ஆரம்பிக்கிறது. முதலில் பிசின், அப்புறம் கரி. வடை சுடும் இரும்புச் சட்டியின் விளிம்பில் கறுப்பாக ஏறி, எவ்வளவு தேய்த்தாலும் போகாத பிசுக்கு இருக்கிறதே, அதேதான்!

அது வால்வின் வாயில் படிந்தால் என்ன ஆகும்? சில வால்வுகள் சரியாக மூடாது. சூடான காற்று பின்னால் ஏறி இன்னும் கரி பிடிக்கும். சில வால்வுகள் திறக்காது. ஒரு அறைக்கு அதிக எண்ணெய், இன்னொன்றுக்குக் குறைவு என்று ஆகி, வெளியேறும் வாயுவின் வெப்பநிலை அறைக்கு அறை மாறும். கட்டுப்பாட்டு அமைப்பு அதைப் பார்த்து டர்பைனையே நிறுத்திவிடும். கவனியுங்கள், வாயு இல்லை என்று டீசலுக்கு மாறும் அந்த ஒரு நாளில்தான் இது நடக்கும்.

தீர்வு இல்லாமல் இல்லை. வால்வைச் சுற்றித் தண்ணீர் ஓடவிட்டுக் குளிர்விக்கும் வடிவமைப்பு இருக்கிறது. வால்வை அனலிலிருந்து தள்ளி வைக்கலாம். டீசலை நிற்கவிடாமல் சுழலவிடலாம், அல்லது வேலை முடிந்ததும் குழாயைக் காலி செய்யலாம். "மாதம் ஒரு முறை டீசலில் ஓட்டிப் பார்த்தால் போதாதா?" என்று கேட்பார்கள். செய்ய வேண்டியதுதான். ஆனால் ஒவ்வொரு சோதனைக்கும் டீசல் செலவு, சோதனை முடிந்த மறுநாளே திரும்பவும் எண்ணெய் நிற்க ஆரம்பிக்கும். தண்ணீர் வால்விலும் கூடுதல் குழாய், கசிவு என்று தொல்லை உண்டு. இருந்தாலும் கரி பிடித்தபின் சுரண்டுவதைவிட, பிடிக்காமல் வடிவமைப்பதே மேல் என்பது என் கட்சி.

இப்போது கணக்கு. 100 மெகாவாட் டர்பைன் ஒரு மணி நேரம் ஓடாவிட்டால் 1,00,000 யூனிட் போச்சு. யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால் 10 லட்சம். ஆஸ்பத்திரி, தொழிற்சாலை நஷ்டமெல்லாம் இதில் சேரவில்லை. ஆனால் டெண்டரில் பார்ப்பது வால்வின் விலையை மட்டும்தான். யார் குறைவாகக் கேட்டார்களோ அவர்தான் எல்-1. தேவைப்படும் நாளில் திறக்காத வால்வுக்கு விலை எவ்வளவு என்று எந்தப் பத்தியிலும் எழுதுவதில்லை. வாங்கும் விலையையும் ஆயுட்காலச் செலவையும் பிரித்துப் பார்க்கச் சொல்லித்தானே எங்களுக்கு காஸ்டிங் பேப்பரில் பாடம் எடுக்கிறார்கள்?

நம்ம ஊருக்கு இது தூரத்து விஷயம் அல்ல. சென்னை பேசின் பிரிட்ஜில் 1996-ல் வந்த காஸ் டர்பைன் நிலையம் 30 மெகாவாட் வீதம் நான்கு யூனிட், நாப்தாவில் ஓடக்கூடியது. நாப்தா விலைக்கு அதை நாள் முழுக்க ஓட்ட முடியாது, அவசரத்துக்குத்தான் சரி. இப்படி நிறுத்தி நிறுத்தி ஓட்டும் இயந்திரத்தில், நிறுத்தியபின் உள்ளே தேங்கும் சூடு மிச்ச எரிபொருளை வாட்டும். இனி இந்தத் தேவை கூடத்தான் போகிறது. காற்று எப்போது நிற்கும் என்று தெரியாது, சூரியன் சாயங்காலம் கட்டாயம் போய்விடும். சில நிமிடங்களில் கிளம்பக்கூடிய இயந்திரம் நிமிடத்தில் கிளம்பியே ஆகவேண்டும்.

பாய்லர் ஆர்டர் குறைந்தால் எங்கள் பக்கத்துப் பட்டறைகள் என்ன ஆகும் என்பதை நேரில் பார்த்தவர்கள் நாங்கள். ஒரே பொருளை, ஒரே வாங்குபவரை நம்பியிருப்பதன் வலி அது. வெல்டிங்கும் வால்வும் தெரிந்த கைகள் இங்கே இருக்கின்றன, கூப்பிடு தூரத்தில் என்.ஐ.டி. இருக்கிறது. கரி பிடிக்காத வால்வு மாதிரி சின்னப் பொருளில் ஊர் பெயர் வாங்கலாம். ஆனால் அதற்கு முதலில் வாங்குபவர்கள் விலைப் புள்ளிக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி சேர்க்க வேண்டும்: "கூப்பிட்ட நாளில் திறக்குமா?"