பக்கத்து வீட்டுக்காரரும் தூங்க வேண்டுமல்லவா?



தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். அங்கே இரகசியம் என்று எதுவும் கிடையாது. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு. அதுவும் எங்கள் லயத்தில் கூரைவரை எட்டாது. மூன்றாம் வீட்டுப் பெரியவர் இருமினால் முதல் வீட்டில் கேட்கும். குழந்தையின் அழுகை, புருஷன் பெண்டாட்டி சண்டை, ரேடியோப் பாட்டு எல்லாமே பொதுச் சொத்துதான்!

ஆனால் இரவு ஒன்பது மணி தாண்டினால் அந்த லயத்தில் ஓர் அமைதி வந்துவிடும். யாரும் சட்டம் போட்டு அதைக் கொண்டுவரவில்லை. எல்லாருக்கும் மறுநாள் ஒரே வேலை. விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். பால்மரம் குளிர்ந்த நேரத்தில்தான் நன்றாகப் பால் விடும். வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே இரவில் கெட்ட தூக்கம் மறுநாள் வாளியில் தெரியும். வாளியில் தெரிந்தது மாதக் கடைசியில் சம்பளத்தில் தெரியும். யாராவது போதையில் கத்தினால், “டேய், காலையில மரத்துக்குப் போக வேணாமா?” என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓர் அதட்டல் போடுவார். அவ்வளவுதான், அடங்கிவிடும். அந்த அதட்டல்தான் எங்கள் சட்டம்.

இன்று அந்த லயங்களில் பல இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. நம்மவர்கள் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் குடிவந்தார்கள். பலகைத் தடுப்பு இருந்த இடத்தில் கல்சுவர் எழுந்தது. ஆனால் எல்லாரும் ஒன்றாக எழுந்து ஒன்றாகப் படுத்த வாழ்க்கை போய்விட்டது. ஒரே வரிசையில் ஒருவர் தொழிற்சாலையில் இரவு வேலை, ஒருவர் மருத்துவமனையில் தாதி, ஒருவர் ஜாகா, ஒருவர் அதிகாலை மூன்று மணிக்கு மார்க்கெட்டுக்குப் போகிறவர். யார் எப்போது தூங்குகிறார் என்று யாருக்கும் தெரியாது.

இதை நான் பாடமாகப் படித்தது என் வீட்டிலேயே.

ஈப்போவுக்கு வெளியே ஒரு தாமானில் நாங்கள் குடியிருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் என் மகளின் நிச்சயதார்த்தம். வாசலில் கூடாரம் போட்டோம். அன்று காலையிலேயே எட்டு வீடுகளுக்குப் பலகாரத் தட்டு அனுப்பினோம். மாலையில் உறவினர் கூடினார்கள். சாப்பாடு முடிந்ததும் மைத்துனர் ஒருவர் கரோக்கே பெட்டியைத் திறந்தார். இரண்டு பெரிய ஒலிபெருக்கிகள். பத்து மணிக்கு நிறுத்தலாம் என்றேன். “இன்னும் ஒரே பாட்டு மாமா” என்றார்கள். ஒரு பாட்டு ஒன்பது பாட்டானது. நிறுத்தும்போது மணி பன்னிரண்டரை.

மறுநாள் முதல் இடப்பக்கத்து வீட்டு அம்மா எங்களோடு பேசவில்லை. கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். “நம்ம வீட்டில நல்ல காரியம் நடந்தது பொறுக்கல” என்றாள் என் மனைவி. நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்று மாதம் ஓடியது. ஒரு நாள் மளிகைக் கடையில் வேறொருவர் பேச்சுவாக்கில் சொன்னார். எங்கள் விசேஷத்திற்கு முதல்நாள்தான் அந்த வீட்டு மாமியாருக்கு அறுவைச் சிகிச்சை முடிந்து மருத்துவமனையிலிருந்து அழைத்து வந்திருக்கிறார்கள். அன்று இரவு முழுக்க அந்த மூதாட்டி காதில் துணியை அடைத்துக்கொண்டு படுத்திருந்தாராம். மகனுக்கோ விடியற்காலை ஐந்து மணிக்கு வேலை.

எட்டு வீட்டுக்குப் பலகாரம் கொடுத்தோம். எத்தனை மணிக்கு நிறுத்துவோம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. குற்றம் என்னுடையது. போய் மன்னிப்புக் கேட்டேன். “கேட்கத்தான் நினைச்சோம் அண்ணே, நல்ல காரியம் நடக்கிற வீட்டில எப்படி வந்து சொல்றது?” என்றார் அந்த அம்மா. எனக்குத் தலை நிமிரவில்லை.

அதன்பிறகுதான் இந்தச் சத்த விவகாரத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். உங்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் நேரக் கணக்கு. நம் நாட்டுச் சுற்றுச்சூழல் இலாகா சத்த அளவுகளுக்கு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டிருக்கிறது. அதில் பகல் என்பது காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை. இரவு என்பது 10 மணி முதல் காலை 7 மணி வரை. 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் புறநகர்க் குடியிருப்புகளுக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்று எல்லை வகுத்தார்கள். 2019இல் இந்த வழிகாட்டி மறுபடியும் திருத்தப்பட்டது.

55க்கும் 45க்கும் பத்துதானே வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். டெசிபெல் கணக்கு கடைக் கணக்குப் போன்றதல்ல. பத்து குறைந்தால் சத்தத்தின் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிடும். காதுக்கு ஏறக்குறைய பாதியாகக் கேட்கும். அதாவது, பகலில் செய்கிற சத்தத்தில் பாதிதான் இரவுக்கு. படுக்கையறைக்குள் 30 டெசிபெலுக்கு மேல் போகாமலிருந்தால்தான் நல்ல தூக்கம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 1999இலேயே சொல்லியிருக்கிறது. கிசுகிசுவென்று பேசும் அளவு அது!

இந்த எண்கள் வழிகாட்டிதான். ஆனால் அதற்குப் பின்னால் சட்டங்களும் உண்டு. தொழிற்சாலை, பட்டறை போன்றவற்றின் சத்தத்தைக் கட்டுப்படுத்த 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் 23ஆம் பிரிவு இருக்கிறது. புகைபோக்கியை மாற்றிவிட்டுப் ‘படபட’வென்று ஓடும் மோட்டார் சைக்கிள்களுக்கு 1987ஆம் ஆண்டு விதிமுறைகள் உண்டு. ஊர் மக்களுக்குப் பொதுவாகத் தொல்லை தருவது தண்டனைச் சட்டத்தில் 268ஆம் பிரிவின்படி குற்றம்; 290ஆம் பிரிவின்படி 400 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். பொதுத் தொல்லைகளை அகற்றும் பொறுப்பை 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அந்தந்த ஊர் மன்றத்திடம் கொடுத்திருக்கிறது.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் உண்டு. அதன்படி நிர்வாகக் கழகம் கூட்டம் கூட்டித் துணைவிதிகள் இயற்றலாம். மீறுகிறவருக்கு 200 ரிங்கிட்டுக்கு மேற்படாமல் அபராதமும் போடலாம். கூட்டத்திற்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து முணுமுணுப்பதால் பயனில்லை. போய்க் கை தூக்குங்கள்.

சரி, கரோக்கேக்காரரைக் கேட்டுவிடலாம். கோயில் ஒலிபெருக்கியை, ஜெபக் கூட்டத்தை, தெய்வத்தின் பெயரால் எழும் சத்தத்தை யார் கேட்பது? பலரும் வாயை மூடிக்கொள்வது இங்கேதான். இந்தக் கேள்விக்கு விடை சொன்ன வழக்கு ஒன்று தமிழ்நாட்டில் நடந்தது.

சென்னையில் மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கம் கே.கே.ஆர். நகர். அங்கே ஒரு சபையின் ஜெபக் கூடம். மேளம், கிதார், ஒலிபெருக்கி எல்லாம் உண்டு. அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர் நலச் சங்கம், சத்தம் தாங்க முடியவில்லை என்று முறையிட்டது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்து பார்த்தது. நெடுஞ்சாலையில் ஓடும் வாகனங்களும் நிறையச் சத்தம் போடுகின்றன என்று அறிக்கை வந்தது. உயர்நீதிமன்றம் இரண்டு பக்கமும் பார்த்தது. ஒலிபெருக்கியைத் தணித்து வை என்றது. அதிகச் சத்தம் போடும் வாகனங்கள் மீதும் நடவடிக்கை எடு என்றது. சபையினர், இது எங்கள் வழிபாட்டு உரிமை என்று உச்சநீதிமன்றம் போனார்கள். 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் தேதி தீர்ப்பு வந்தது. பிறர் அமைதியைக் கெடுத்தும், ஒலிபெருக்கி வைத்தும், மேளம் கொட்டியும்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் விதிக்கவில்லை என்பது அதன் சாரம். குழந்தைகள், படிக்கும் மாணவர்கள், முதியவர்கள், நோயாளிகள் ஆகியோரின் உரிமையையும் நீதிபதிகள் எடுத்துக்காட்டினார்கள். வழக்கில் நின்றது ஒரு சபைதான். ஆனால் தீர்ப்பின் வார்த்தை எல்லா மதத்தாருக்கும் பொது.

அதே ஆண்டில் இந்திய அரசு கொண்டுவந்த சத்தக் கட்டுப்பாட்டு விதிகளிலும் குடியிருப்புக்குப் பகலில் 55, இரவில் 45 என்றுதான் போட்டிருக்கிறார்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைக் காலங்களுக்காக ஆண்டில் 15 நாளுக்கு மேற்படாமல் நள்ளிரவு வரை மாநில அரசு விலக்கு அளிக்கலாம் என்று பிறகு சேர்த்தார்கள். திருவிழாவையும் மதித்தார்கள், தூக்கத்தையும் மதித்தார்கள். தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக்குக் காவடி போகும்போது எழும் மேளச் சத்தத்தை யாரும் குறை சொல்வதில்லை. ஆண்டுக்கு ஒரு நாள், ஊரே முன்கூட்டி அறிந்த நாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒருவர் வீட்டு வாசல் திருவிழாவாகும்போதுதான் தொல்லை.

இனி, உங்களுக்கே இந்தத் தொல்லை என்றால் என்ன செய்வது? படிப்படியாகப் போங்கள்.

முதல் படி, நேரில் பேசுவது. இரவிலேயே கோபத்தோடு கதவைத் தட்டாதீர்கள். குடித்திருப்பவரிடம் நியாயம் பேசி வென்றவர் யார்? மறுநாள் மாலை போங்கள். “பிள்ளைக்குப் பரீட்சை”, “எனக்கு விடியற்காலை வேலை” என்று உங்கள் கஷ்டத்தைச் சொல்லுங்கள். என் பக்கத்து வீட்டு அம்மா அன்றே வந்து சொல்லியிருந்தால் மூன்று மாதப் பகை வந்திராது. பலருக்குத் தங்கள் சத்தம் சுவருக்கு அப்பால் எப்படிக் கேட்கிறது என்பதே தெரியாது.

இரண்டாம் படி, ருக்குன் தெத்தாங்கா. 1975இல் தொடங்கிய இந்த அமைப்பை வெறும் இரவு ரோந்துப் படை என்று எண்ணிவிடாதீர்கள். 2012ஆம் ஆண்டு ருக்குன் தெத்தாங்கா சட்டம், அண்டை அயலார் தகராறுகளில் சமரசம் செய்து வைப்பதையும் அதன் கடமைகளில் சேர்த்திருக்கிறது. தேசிய ஒற்றுமை இலாகா 2007 முதல் சமூக மத்தியஸ்தர்களைப் பயிற்றுவித்து வருகிறது. இதற்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வேண்டாம். எதிர்த்தரப்பு மலாய்க்காரரோ சீனரோ ஆனால் இந்த வழி இன்னும் நல்லது. இரண்டு வீட்டுத் தகராறு இரண்டு இனத்துத் தகராறாக மாறாமல் அங்கேயே முடிந்துவிடும்.

மூன்றாம் படி, எழுத்து மூலமான புகார். ஈப்போவாசிகள் மாநகர் மன்றத்திற்கும், சுங்கை சிப்புட் மக்கள் கோலகங்சார் நகராண்மைக் கழகத்திற்கும், மற்றவர்கள் தத்தம் ஊர் மன்றத்திற்கும் எழுத வேண்டும். பட்டறை, தொழிற்சாலைச் சத்தமென்றால் சுற்றுச்சூழல் இலாகாவுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். “எப்போது பார்த்தாலும் சத்தம்” என்று எழுதினால் அதிகாரி என்ன செய்வார்? ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தில் தேதி, தொடங்கிய மணி, முடிந்த மணி, என்ன சத்தம் என்று இரண்டு வாரம் குறித்து வையுங்கள். பாதிக்கப்பட்ட மற்ற வீட்டாரும் கையெழுத்திட்டால் புகாருக்குப் பலம் கூடும். பொதுத் தொல்லை என்று சட்டம் சொல்வது அக்கம்பக்கத்தார் பலரையும் பாதிப்பதைத்தான்.

நள்ளிரவில் கலாட்டா, சண்டை, மிரட்டல் என்றால் படியெல்லாம் பார்க்க வேண்டாம். நேரே போலீசுக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக நம் வீட்டு விசேஷத்திற்கு வருவோம். ஒரு வாரம் முன்பே இரண்டு பக்கமும், பின் வரிசையிலும் சொல்லிவிடுங்கள். நிறுத்தும் நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். நோயாளியோ கைக்குழந்தையோ இருக்கிறதா என்று கேளுங்கள். ஒலிபெருக்கியைத் தெருவைப் பார்த்து வைக்காமல் கூடாரத்தின் உள்பக்கம் திருப்புங்கள். ‘தம் தம்’ என்னும் அடித்தள ஓசையைக் குறையுங்கள்; பாட்டின் வார்த்தைகளைச் சுவர் தடுத்தாலும் அந்த ஓசையைத் தடுக்காது. பத்து மணிக்கு நிறுத்தும் பொறுப்பைக் குடிக்காத ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

சென்ற ஆண்டு என் மகளின் பிள்ளைக்குப் பெயர் சூட்டு விழா. ஒன்பதேமுக்காலுக்கே நான் எழுந்து மின்கம்பியைப் பிடுங்கிவிட்டேன். “மாமா, இன்னும் ஒரே பாட்டு” என்றார் அதே மைத்துனர். “இல்லப்பா, பக்கத்து வீட்டு ஆயா தூங்கற நேரம்” என்றேன்.

அந்த வீட்டு விளக்கு அப்போதுதான் அணைந்தது.