சத்தியத்தை மீறிய எமிகோ செய்தது சரியே!



ஆகஸ்ட் 6, ஹிரோஷிமா தினத்தன்று நம் அறிவியல் மன்றத்தில் 'கோஜிரா' என்ற ஜப்பான் படம் போட்டார்கள். நாம் காட்ஸில்லா என்று சொல்வோமே, அதேதான். 1954-ல் வந்த முதல் படம். கறுப்பு வெள்ளை. பேச்சு ஜப்பான் மொழி, கீழே இங்கிலீஷ் எழுத்து. டீச்சர் நடுநடுவே நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார்கள்.

முதலில் பையன்கள் ஒரே சிரிப்பு. "ரப்பர் சட்டைக்குள்ள ஆள் இருக்கான்டா!" என்று கத்தினார்கள். ஆள் இருந்தது உண்மைதான். ஹருவோ நகாஜிமா என்ற நடிகர் சுமார் 100 கிலோ எடையுள்ள உடைக்குள் நின்றுதான் அந்தச் சின்னச் சின்ன பொம்மைக் கட்டடங்களை மிதித்தார். அந்த அலறல் சத்தம்கூட மிருகத்தின் சத்தம் இல்லை. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, ஆளுயர வயலின் மாதிரி இருக்கும் கான்ட்ராபாஸ் தந்தியைத் தோல் கையுறையால் தேய்த்து எடுத்தது. இதெல்லாம் தெரிந்தும், டோக்கியோ நகரம் எரிகிற கட்டம் வந்தபோது நம் ஹாலில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. கவனித்தீர்களா?

காரணம் இருக்கிறது. 1954 மார்ச் 1-ல் பசிபிக் கடலில் பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு வெடித்துச் சோதனை செய்தது. தூரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பான் படகின் மேல் வெள்ளைச் சாம்பல் கொட்டியது. படகில் இருந்த 23 பேருக்கும் கதிர்வீச்சு நோய் வந்தது. ரேடியோ ஆபரேட்டர் குபோயாமா செப்டம்பர் மாதம் இறந்துபோனார். இந்தப் படம் நவம்பர் 3-ல் வெளியானது! படத்தின் தொடக்கமே கடலில் பளீரென்று ஒரு வெளிச்சம், ஒரு கப்பல் எரிந்து மூழ்குகிறது. அன்றைக்குத் தியேட்டரில் இருந்தவர்களுக்கு அது வெறும் கதையாகவா தெரிந்திருக்கும்? டைரக்டர் இஷிரோ ஹோண்டாவும் போர் முடிந்து ஊர் திரும்பும் வழியில் அழிந்துபோன ஹிரோஷிமாவைப் பார்த்தவர்.

சரி, இப்போது என் கருத்துக்கு வருகிறேன். படம் முடிந்ததும் வகுப்பில் பெரிய சண்டையே நடந்தது. எமிகோ நல்லவளா, துரோகியா?

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். டாக்டர் செரிசாவா ஒரு விஞ்ஞானி. தண்ணீரில் உள்ள ஆக்ஸிஜனை அழிக்கிற ஒரு பொருளைக் கண்டுபிடிக்கிறார். மீன் தொட்டியில் போட்டால் மீன்கள் எலும்பாகிவிடும். அதை எமிகோவுக்கு மட்டும் காட்டி, யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்குகிறார். வெளியே தெரிந்தால் அரசியல்வாதிகள் இதையும் ஒரு குண்டாக ஆக்கிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். எமிகோவும் சொல்லவில்லை. ஆனால் காட்ஸில்லா வந்துபோன பிறகு ஆஸ்பத்திரியில் நிற்கிறாள். தரையெல்லாம் காயம்பட்டவர்கள். ஒரு குழந்தையின் பக்கத்தில் கதிர்வீச்சு அளக்கும் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு டாக்டர் தலையை ஆட்டுகிறார். அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. ஒகாட்டாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். கடைசியில் செரிசாவா தன் குறிப்புகளை எல்லாம் எரித்துவிட்டு, கடலுக்கு அடியில் காட்ஸில்லாவோடு தானும் உயிரை விடுகிறார்.

"அவ வாயை மூடிக்கிட்டு இருந்தா செரிசாவா செத்திருக்க மாட்டாரு" என்று எங்கள் வகுப்பில் பாதிப் பேர் சொன்னார்கள். அதுவும் நியாயம்தான். எனக்கும் அவரை நினைத்து அழுகை வந்தது. ஆனால் எமிகோ என்ன பண்ணினாள் என்று பாருங்கள். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியவில்லை. உதவி செய்யக்கூடிய ஒரே ஒருத்தரிடம் சொன்னாள். உடனே செரிசாவா வீட்டுக்கே போய், சத்தியத்தை மீறிவிட்டேன் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லி மன்னிப்புக் கேட்டாள். பிறகு முடிவெடுத்தது அவர்தான். டி.வி.யில் பள்ளிக்கூடப் பெண்கள் சேர்ந்து பாடுகிற பிரார்த்தனையைக் கேட்டுத்தான் அவர் மனசு மாறுகிறது. எமிகோ அவரை ஏமாற்றவில்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? என் தோழி ஒருத்திக்கு ஆறு மாசமாகக் கரும்பலகை சரியாகத் தெரியவில்லை. என் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவாள். கண்ணாடி போட்டால் எல்லாரும் சோடாபுட்டி என்று கிண்டல் பண்ணுவார்கள், யார்கிட்டயும் சொல்லக் கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். நானும் பேசாமல் இருந்தேன். கணக்கில் அவள் 80-லிருந்து 31-க்கு வந்தாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அதைத்தான் நட்பு என்று நினைத்தேன்.

படம் பார்த்த மறுநாள் டீச்சரிடம் சொல்லிவிட்டேன். ஆனால் எமிகோ மாதிரி முதலில் அவளிடம் போய் "நான் சொல்லிட்டேன்டி, மன்னிச்சுக்கோ" என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. டீச்சர் கூப்பிட்டு விசாரித்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. இப்போது கண்ணாடி போட்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுது, பேர் மட்டும் போடாதே" என்றாள். இந்தச் சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன்!

எல்லா ரகசியத்தையும் போட்டு உடைக்கச் சொல்லவில்லை. நாம் பேசாமல் இருப்பதால் யாருக்காவது அடி படுகிறதா என்று மட்டும் பாருங்கள். பட்டால், சொல்லக்கூடியவரிடம் சொல்லுங்கள். சொன்னதை மறைக்காமல் அவரிடமே போய்ச் சொல்லிவிடுங்கள்.

செரிசாவா குறிப்புகளை எரித்தது சரியா தவறா? அதில் எனக்கு இன்னும் இரண்டு மனசாக இருக்கிறது. உங்கள் கருத்தை அடுத்த மாத இதழுக்கு எழுதிக் கொடுங்கள்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி