சூரியன் பொது, கூரை யாருடையது?

2022 ஆகஸ்ட்டுக்கு முன்னர் மாதம் 30 அலகு மின்சாரம் பாவித்த ஒரு வீட்டுக்கு 105 ரூபா பில் வந்தது. அந்த ஆகஸ்ட்டில் அது 360 ரூபாவானது. 2023 பெப்ரவரியில் 1,300 ரூபாவைத் தொட்டது. அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா. நாலு மின்குமிழ், ஒரு தொலைக்காட்சி, கைபேசி சார்ஜ் இவ்வளவுக்கும் ஒரு நாளுக்கு மேல் கொழுந்து பறிக்க வேண்டியிருந்தது.

2023 ஜூலையில் இந்தப் பிரிவினருக்கான கட்டணம் கணிசமாகக் குறைக்கப்பட்டது உண்மைதான். ஆனால் கட்டணம் கட்ட முடியாததால் அந்த ஒரே ஆண்டில் 10 இலட்சத்துக்கும் அதிகமான இணைப்புகள் துண்டிக்கப்பட்டதாக நாடாளுமன்றக் குழுவில் தெரிவிக்கப்பட்டது. அரச கணக்கில் இது எண்ணிக்கை. வீட்டுக் கணக்கில், பிள்ளை குப்பி விளக்கில் படித்த மாதங்கள்.

இதை நான் மாத்தளை மாவட்டத்தை முன்வைத்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. மின்சாரம் உற்பத்தியாகும் மாவட்டம் இது. உக்குவெல, போவதென்ன, மொரகஹகந்த ஆகிய மூன்று நீர்மின் நிலையங்களும் இங்கேதான் இருக்கின்றன. உக்குவெலவைச் சுற்றியும், இரத்தோட்டை, எல்கடுவ பக்கத்து மலைகளிலும் லயன்கள் இருக்கின்றன. அங்கே மின்சாரம் இல்லாமல் இல்லை. மின்சாரத்தில் உரிமைதான் இல்லை.

2016இல் அரசாங்கம் 'சூரியபல சங்கிராமய' என்ற பெயரில் கூரைமேல் சூரிய மின்சக்தித் திட்டத்தைத் தொடங்கியது. பத்து இலட்சம் கூரைகள் என்பது இலக்காகச் சொல்லப்பட்டது. வீட்டுக்காரர் சோலார் பேனல் பொருத்தி, மிஞ்சும் மின்சாரத்தைச் சபைக்கு விற்கலாம். முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஓர் அலகுக்கு 22 ரூபா என்றார்கள். நல்ல திட்டம். கடன் எடுக்கக்கூடிய நடுத்தர வர்க்கமும் கடைக்காரர்களும் ஹோட்டல்காரர்களும் அதில் பயனடைந்தார்கள். இன்று பகலில் நாட்டுக்கு வரும் மின்சாரத்தில் கூரைகளின் பங்கு எவ்வளவு பெரியதென்றால், 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பாவனை குறைந்தபோது, பேனல்களை நிறுத்தி வைக்குமாறு வீட்டுக்காரர்களிடம் கேட்க வேண்டி வந்தது.

லயனில் இருப்பவருக்கு இந்தத் திட்டத்தின் முதல் படியே தடுக்கிறது. கூரை அவருடையதல்ல. ஒரே தகரத்தின் கீழ் பல குடும்பங்கள். நிலமும் சுவரும் தோட்டத்துக்கு. உறுதி இல்லாதவருக்கு வங்கி கடன் தராது. புதிய மின்னிணைப்புக்கே தோட்ட நிர்வாகத்தின் கடிதத்துக்காகக் காத்திருந்தவர், கூரையில் பேனல் பூட்ட யாரிடம் போய் நிற்பார்?

2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது. 200 ஆண்டுகளுக்கு முன் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் நடந்த அதே வழி. காணியும் வீடும் அவர்களது கோரிக்கைகளில் முக்கியமானவை. பயணம் முடிந்து ஒரு வாரம்தான். அதே மாத்தளையில், அரச நிர்வாகத்தில் உள்ள எல்கடுவ பெருந்தோட்டத்தின் ரத்வத்த தோட்டத்தில், தொழிலாளர்களின் தற்காலிகக் குடியிருப்பைத் தோட்ட அதிகாரி ஒருவர் உடைத்தெறிந்த காணொளி நாடெங்கும் பரவியது. தலைக்கு மேலுள்ள தகரம் நாளை இருக்குமா என்பதே நிச்சயமில்லாத இடத்தில் இருபது ஆண்டு உழைக்கும் பேனலைப் பற்றி எப்படிப் பேசுவது?

வடக்கு, கிழக்கில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு இது புதுக்கதை அல்ல. மீள்குடியேறிய பின், காணி ஆவணம் இல்லாததால் வீட்டுத்திட்டப் பட்டியலுக்கு வெளியே நின்ற குடும்பங்களை வன்னியில் எல்லோருக்கும் தெரியும். அவர்களில் 1977 வன்முறைக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் உண்டு. ஒரே குடும்பம் இரண்டு இடத்திலும் ஒரே கேள்விக்கு முன் நிற்கிறது: உறுதி எங்கே?

காணி உரிமை கிடைக்கும்வரை ஒன்றும் செய்ய முடியாது என்று நான் சொல்லவில்லை. உறுதி கேட்காத வேலைகள் இருக்கின்றன. 60 வாட் குமிழ்கள் நான்கு தினமும் ஐந்து மணித்தியாலம் எரிந்தால் மாதம் 36 அலகு. அதே வெளிச்சத்தை 9 வாட் எல்.ஈ.டி. குமிழ்கள் ஐந்தரை அலகுக்குள் தரும். ஆகக் குறைந்த கட்டணப் பிரிவில் ஒரு குடும்பம் நிற்பதா வெளியே விழுவதா என்பதை இந்த வித்தியாசமே முடிவு செய்துவிடும். விறகைக் குறைக்கும் 'அனகி' மண் அடுப்பு 1990களிலிருந்தே இந்த நாட்டில் பழக்கத்தில் இருக்கிறது. புகையில் இருமும் லயன் குசினிகளுக்கு அது இன்னும் பொருந்தும்.

கூரைக்கும் வழியுண்டு. இந்திய உதவியில் நாடு முழுவதும் 5,000 வழிபாட்டுத் தலங்களில் ஒவ்வொன்றிலும் 5 கிலோவாட் பேனல்கள் பொருத்தப்பட்டன. 2025 ஏப்ரலில் அதன் திறப்பும் நடந்தது. கோயில் கூரையில் பேனல் ஏறலாம் என்றால், தோட்டப் பாடசாலை, சனசமூக நிலையம், கொழுந்து மடுவம் ஆகியவற்றின் கூரைகளில் ஏற்றி, வரும் அலகுகளை லயன் குடும்பங்களின் பில்லில் பங்கிட்டுக் கழிக்கலாம். டெல்லியில் இந்த முறைக்கு 2019இலேயே விதிகள் வந்துவிட்டன. இங்கும் கிராமிய நீர்மின் திட்டங்களை மின்நுகர்வோர் சங்கங்கள் நடத்திய அனுபவம் உண்டு. தேவைப்படுவது, பேனலின் பயன் கூரைச் சொந்தக்காரருக்கு மட்டும் என்றில்லாமல் மானி வைத்திருப்பவருக்கும் போகலாம் என்ற ஒரு விதித் திருத்தம். சங்கத்தைத் தோட்ட நிர்வாகமோ தொழிற்சங்கத் தலைவரோ கைப்பற்றாமல், பில் கட்டும் பெண்களே நடத்த வேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் இந்த ஏற்பாடுகளைக் காட்டிக் காணிக் கேள்வியைத் தள்ளிப்போட இடம் கொடுக்கக் கூடாது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கென அடுத்த சூரிய மின்திட்டம் அறிவிக்கப்படும்போது விண்ணப்பப் படிவத்தை வாங்கிப் பாருங்கள். அதில் 'வீட்டு உரிமையாளரின் பெயர்' என்ற கட்டம் இருக்கும். மாத்தளை லயன்களில் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்பதற்குப் பதில் சொல்லாத எந்தத் திட்டமும், ஏழைகளின் பெயரில் வேறு யாருக்கோ போடப்படும் திட்டமாகவே முடியும்.