சங்கத்தின் மின்னஞ்சல் யார் கையில்?

எமது மக்களுக்கு முகவரி சின்ன விடயமல்ல. லயத்துக்கு இலக்கமும் தெருவும் இல்லாததால் கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கே வந்தன. அவை வீடு வந்து சேருமுன் நேர்முகப் பரீட்சைத் திகதி கடந்துபோன பிள்ளைகள் எத்தனை பேர்! பல தோட்டங்களில் இந்நிலை இன்னும் முற்றாக மாறவில்லை.

கடிதம் இன்னொருவர் கைக்குப் போவதன் வேதனை தெரிந்த நாமே இன்று அதே தவறைச் செய்கிறோம். மண்சரிவால் இடம்பெயர்ந்த குடும்பங்களின் மரக்கறிச் சங்கம் ஒன்றுக்குக் கணக்கு மென்பொருள் எடுத்தபோது, கணினி தெரிந்த தம்பி ஒருவரின் சொந்த மின்னஞ்சலைக் கொடுக்கச் சொன்னவன் நான்தான். பிறகு அவர் வேலைக்காக வெளிநாடு போனார். வருடக் கட்டண நினைவூட்டல் அவருக்கே போயிற்று. உறுதிப்படுத்தும் இலக்கம் அவருடைய பழைய தொலைபேசிக்குப் போயிற்று. மென்பொருள் பூட்டிக்கொண்டது. யார் எத்தனை கிலோ லீக்ஸ் கொடுத்தார், யாருக்கு எவ்வளவு பாக்கி, எல்லாம் உள்ளே. “ஃபாதர், எங்க காசு கம்ப்யூட்டருக்குள்ள போயிருச்சா?” என்று ஓர் அம்மா கேட்டார். தம்பி மீது குற்றமில்லை.

மென்பொருளை வாங்கினோம் என்கிறோம். உண்மையில் பாவிக்கும் அனுமதியை மட்டுமே வாங்குகிறோம். அது எந்த மின்னஞ்சலில் பதிவாகிறதோ, அதை வைத்திருப்பவரே கம்பனியின் கண்ணில் உரிமையாளர். (கள்ளப் பிரதி எடுத்தால் இந்தத் தொல்லை இல்லையே என்போருக்கு: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளையும் பாதுகாக்கிறது. பணமில்லையென்றால் லிப்ரே ஓபிஸ் இலவசமாகவே கிடைக்கிறது.)

ஆகவே சங்கத்தின் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் வேண்டும். அதோடு இணைக்கும் தொலைபேசி இலக்கமும் சங்கத்தினுடையதாக இருக்கட்டும். திறந்துவிட்டு மறந்துவிடவும் கூடாது. இரண்டு வருடம் பாவிக்காத தனியார் கணக்குகளை கூகுள் 2023 டிசம்பர் முதல் அழித்து வருகிறது.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது வீட்டிலிருந்த பத்திரங்களும் சேர்ந்தே போயின. இன்று உறுப்பினர் பட்டியலையும் காணிப் பத்திரங்களின் படங்களையும் அந்த மின்னஞ்சலில் வைத்தால் மலை சரிந்தாலும் அவை மிஞ்சும். ஆனால் திறப்பு ஒரே ஆளிடம் இருந்தால் என்ன பயன்?

இரண்டு பேருக்குக் கடவுச்சொல் தெரிந்தால் ஆபத்தில்லையா என்று சிலர் கேட்கிறார்கள். வங்கிக் காசோலைக்கு இரண்டு கையெழுத்து வேண்டுமென்று நிர்ப்பந்தித்தவர்களும் இவர்கள்தான்! தலைவருக்கும் பொருளாளருக்கும் தெரியட்டும். ஒரு பிரதி முத்திரையிட்ட உறையில் பெட்டகத்தில் இருக்கட்டும். நிர்வாக சபை மாறும் நாளில் கணக்குப் புத்தகத்தோடு இதையும் கையளித்து, கூட்டறிக்கையில் எழுதி, அன்றே கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.